ட்ராக்டருக்கு எதுக்கு இந்தக் கார் முகம்?



போன எபிசோடில் திருத்தும் உரிமை பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தோம். அதில் முக்கால்வாசி நேரம் மென்பொருள் பூட்டு, டீலரிடம் மட்டும் இருக்கிற லப்டொப், பிழைக் குறியீடு எண்டே போச்சு. வந்த பதில்களில் ஒன்று என்னைப் பிடிச்சு இருத்தி வைச்சது. ஒன்ராறியோவின் தென்மேற்கில், சோளமும் சோயாவும் போடுற ஒரு பண்ணையில் வார இறுதியில் வேலை செய்யும் தங்கச்சி ஒராள் எழுதியிருந்தா. அவையின்ர ட்ராக்டரில் ஒரே அறுவடைக் காலத்தில் இரண்டு ஹெட்லைட்டும் போச்சாம். ஒன்றை வைக்கோல் உருளை உடைச்சது. மற்றதை ஆர் உடைச்சது எண்டு இன்னும் விசாரணை நடக்குதாம். கழற்றிப் பூட்ட நாலு ஸ்க்ரூ, பத்து நிமிடம், கணினி ஒன்றும் தேவையில்லை. ஆனால் பில்லைப் பார்த்த முதலாளி இரண்டு நாள் ஒருத்தரோடும் கதைக்கேல்லையாம். இதுக்கு உங்கட திருத்தும் உரிமை என்ன செய்யும் எண்டு கேட்டிருந்தா.

நியாயமான கேள்வி. ஹெட்லைட்டைக் காப்பாற்றப் பல வழி இருக்கு, அதில் பாதி உண்மையிலேயே வேலை செய்யும், கீழே சொல்லுறன். ஆனால் அந்தப் பில் அவ்வளவு பெரிசா வந்ததுக்குக் காரணம் வைக்கோல் உருளை இல்லை. ட்ராக்டருக்கும் கார் மாதிரி ஒரு முகம் வேணும் எண்டு எங்கேயோ ஒரு வடிவமைப்புக் கூட்டத்தில் எடுத்த முடிவுதான் காரணம். நாங்கள் போன எபிசோடில் பேசின பூட்டு மென்பொருளில் இருக்கு. இந்தப் பூட்டு பிளாஸ்டிக் அச்சில் இருக்கு. இரண்டாவதைப் பற்றி ஆரும் கதைக்கிறதில்லை, ஏனெண்டால் அது பார்க்க வடிவா இருக்கு.

கொஞ்சம் பழைய கதை சொல்லவேணும். அமெரிக்காவில் 1940 மாடல் வருசத்தில் இருந்து கார்களுக்கு 7 அங்குல வட்ட ஹெட்லைட்தான் நியமம். சீல்ட் பீம் எண்டு பேர். முன்கண்ணாடி, பின்னால் இருக்கிற பிரதிபலிப்பான், நடுவில் இழை, எல்லாத்தையும் சேர்த்து மூடின ஒரே துண்டு. எந்தக் கொம்பனிக் கார் எண்டாலும் அதே விளக்குத்தான். உடைஞ்சால் பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கி, வளையத்தைக் கழற்றி, மூன்று முனைப் பிளக்கைச் செருகினால் வேலை முடிஞ்சுது. 1980களின் முதல் பாதியில்தான் அந்தச் சட்டம் தளர்ந்தது. 1984 லிங்கன் மார்க் 7 வந்த பிறகு ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம் எண்டாச்சு. காருக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது: சரிவான மூக்கு காற்றை இலகுவாக வெட்டும், எரிபொருள் மிச்சம்.

பழைய ட்ராக்டர்களில் கனக்க இருந்தது இன்னும் சின்ன வட்டம். பார்36 எண்டு சொல்லுவினம். இந்த எண்ணைப் பார்த்து 36 என்ன எண்டு நானும் யோசிச்சிருக்கிறன். அது விட்டத்தை எட்டில் ஒரு அங்குலக் கணக்கில் சொல்லுறது. 36ஐ 8ஆல் பிரிச்சால் 4½ அங்குலம். இந்த விளக்கு இன்றைக்கும் விற்பனையில் இருக்கு. சாதாரண வகை எண்டால் ஒரு பீட்சா விலைக்குக் கிட்ட முடியும். அதே அளவில், அதே ஓட்டைக்குள் பூட்டுற எல்.ஈ.டி விளக்கும் வருது. ஒரு அளவை எல்லாரும் ஒத்துக்கொண்டால் என்ன நடக்கும் எண்டதுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை: ட்ராக்டர் செய்த கொம்பனியே மூடிப்போனாலும் விளக்கு கிடைக்கும். உங்கட வீட்டில் வன்னியில் வயல் செய்த பெரியப்பா, மாமா ஆரும் இருந்தால், அங்கே ட்ராக்டருக்கு லைட் போனால் என்ன செய்தனீங்கள் எண்டு கேட்டுப் பாருங்கோ.

பிறகு ட்ராக்டரும் காரைப் பார்த்து மாறினது. பொனட் சரிஞ்சது, விளக்குகள் பக்கவாட்டில் கண் மாதிரி நீண்டது, உள்ளுக்குள் எல்.ஈ.டி கோடு ஒன்று புருவம் மாதிரி வந்தது. வயலில் நடந்து போற ஆளைவிடக் கொஞ்சம் வேகம், ரோட்டில் 40 கிலோமீற்றர். இந்த வேகத்தில் காற்றை வெட்டி ஆருக்கு என்ன லாபம்? எனக்கு இதில் கோபம்கூட வரேல்லை, சிரிப்புத்தான் வருது. சரிவான மூக்கு ஓட்டுநருக்கு முன்னுக்கு இருக்கிற நிலத்தைப் பார்க்க உதவும், அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் பொனட் சரிஞ்சால் விளக்கும் அந்தப் பொனட்டின் விளிம்புக்கேற்ப வளைஞ்சு போகவேணும் எண்டு ஒரு பௌதிக விதியும் இல்லை.

சரி, இப்ப உடைகிற கதைக்கு வருவம். அறுவடைக் காலத்தில் ஏன் இவ்வளவு விளக்கு உடையுது? ஒன்ராறியோவில் சோயாவும் சோளமும் செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வரை இழுக்கும். நவம்பர் நடுப்பகுதியில் பின்னேரம் ஐந்து மணிக்கு முதலே சூரியன் போயிடும். மழைக்கு முன்னம் முடிக்கவேணும் எண்ட அவசரம். ஆகவே வருசத்தில் ஆகக் கூடுதலான வேலையும், ஆகக் கூடுதலான இருட்டும், ஆகக் கூடுதலான களைப்பும் ஒரே ஆறு கிழமைக்குள் வந்து விழும். ஹெட்லைட் தேவைப்படுகிற நேரமும் அதுதான், உடைகிற நேரமும் அதுதான். உடைஞ்ச விளக்கோட கிராமத்து ரோட்டில் ஏறினால், 80இல் வாற கார்க்காரருக்கு முன்னால் என்ன போகுது எண்டு கடைசி நிமிடம் வரை தெரியாது. பணத்தைவிட அதுதான் பெரிய விசயம்.

முன்பக்கம் லோடர் பூட்டின ட்ராக்டரில் ஹெட்லைட் இருக்கிற இடம் அடிவாங்கத்தான் அமைஞ்ச இடம். பக்கெட்டை உயர்த்தும்போது கல்லும் கட்டியும் பின்னால் உருளும். உருட்டின வைக்கோல் கட்டைக் குத்தித் தூக்கும்போது அது முள்ளில் சரியாகக் குத்துப்படாவிட்டால் கையோடு உருண்டு பொனட்டில் இறங்கும். அது சாரதிக்கே ஆபத்து, விளக்கு அதில் சின்னச் சேதம். இன்னொன்றும் இருக்கு. லோடர் கை தூக்கின நிலையில் பொனட் விளக்கு பக்கெட்டின் முதுகில் பட்டுத் திரும்பி உங்கட கண்ணுக்குள்ளேயே அடிக்கும். அதாவது லோடர் வேலையில் அந்த விலைகூடின விளக்கால் பெரிய பிரயோசனமும் இல்லை. என்ர முதல் பரிந்துரை அதனால் ஒரு பாதுகாப்புச் சாமான் இல்லை, ஒரு பழக்கம்: ரோட்டு விளக்கை ரோட்டுக்கு வையுங்கோ. வயல் வேலைக்குக் கூரையிலோ மட்கார்ட்டிலோ சாதாரண வட்ட அல்லது சதுர வேலை விளக்குகளைப் பூட்டுங்கோ. அவை உயரத்தில் இருக்கிறதால் அடி குறைவு, நிழல் குறைவு, உடைஞ்சாலும் கவலை குறைவு. வயல் விளக்கை ரோட்டில் ஏற முதல் அணைக்க மறக்க வேண்டாம். எதிரே வாறவர் குருடாகிப் போவார்.

அடுத்தது இரும்புக் கம்பிக் காப்பு. லோடரோட சேர்த்து வாங்கிற முன்காப்பு நல்லது. அது லோடர் சட்டத்தில் பூட்டுப்படுகிறதால் அடி இரும்புக்குப் போகும், பொனட்டுக்குப் போகாது. பொனட் பிளாஸ்டிக்கிலேயே நேராகத் திருகிற மெல்லிய வலைக் காப்பு எனக்குப் பிடிக்காது. சின்னக் கல்லை அது தடுக்கும், பெரிய அடி வந்தால் வலையும் சேர்ந்து உள்ளே போய் லென்ஸை உடைக்கும். சேறும் சருகும் வலைக்குள் அப்பிக்கொண்டு வெளிச்சத்தையும் குடிக்கும். கம்பி போட்டால் இடைவெளி அகலமாக, கழற்றிக் கழுவக் கூடியதாகப் போடுங்கோ. ரோட்டில் ஓடும்போது விளக்கை மறைக்கிறது பற்றி உங்கட மாகாணத்துச் சட்டம் என்ன சொல்லுது எண்டும் ஒருக்காப் பாருங்கோ.

கார்களுக்கு ஒட்டுற தெளிந்த பாதுகாப்புப் படலம் பற்றியும் கேட்பீங்கள் எண்டு தெரியும், ஏனெண்டால் எங்கட வாசகர்களில் பாதிப்பேர் டெஸ்லாவுக்கு அதை ஒட்டினவை. பொலியூரேதேன் படலம், தடிப்பு 0.2 மில்லிமீற்றர் அளவு. கல் கீறலுக்கும், மணல் உரசலுக்கும், வெயிலுக்கும் நல்ல காசுப் பெறுமதி. வைக்கோல் உருளைக்கு முன்னால் அது ஒரு பூசைத் தட்டு வெற்றிலை மாதிரி. அதையும் புது விளக்கில் ஒட்டினால்தான் பிரயோசனம். மஞ்சளான லென்ஸில் ஒட்டினால் மஞ்சளைப் பத்திரப்படுத்தி வைச்ச மாதிரி.

மஞ்சள் ஏன் வருது எண்டதை விளங்கினால் மிச்ச எல்லாம் விளங்கும். இந்தக் காலத்து லென்ஸ் கண்ணாடி இல்லை, பொலிகார்பனேட். சுத்தியலால் அடிச்சாலும் இலேசில் உடையாது, ஆனால் மேற்பரப்பு மெத்து, நகம் மாதிரிக் கீறுப்படும். புற ஊதாக் கதிருக்கும் தாங்காது. அதனால் தொழிற்சாலையில் மேலே ஒரு கடின பூச்சுப் போடுகினம். விளக்கைக் காக்கிறது உண்மையில் அந்தப் பூச்சுத்தான். நாங்கள் செய்கிற பராமரிப்பில் பாதி அந்தப் பூச்சைக் கொல்லுற வேலை. காய்ஞ்ச தூசியைச் சாக்குத் துணியால் துடைக்கிறது, வீட்டு ஜன்னலுக்கு அடிக்கிற அமோனியாத் திரவம், கையில் கிடைச்ச பிரேக் கிளீனர், கொஞ்சம் பெட்ரோல். கரைப்பான்கள் பொலிகார்பனேட்டில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. பிறகு சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்பு உள்ளுக்குள் ஓடும். அது வந்தால் திருப்ப ஏலாது. நிறையத் தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவுற சவர்க்காரம், மெத்தென்ற துணி. இவ்வளவும் காணும்.

ஏற்கெனவே மங்கின லென்ஸைத் தேய்ச்சுத் தெளிவாக்கலாம். ஈரம் போட்டு 800, 1000, 2000, 3000 எண்டு உப்புத்தாள் எண்ணைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசியில் பொலிஷ். பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், வீடியோவில் லைக்கும் வரும். ஆனால் தேய்க்கும்போது பழைய கடின பூச்சும் போயிடுது. அதுக்குமேல் புற ஊதாவைத் தடுக்கிற தெளிந்த பூச்சு ஒன்று திரும்பப் போடாவிட்டால் சில மாதத்தில் முந்தியதைவிட மோசமாக மஞ்சளாகும். இந்தக் கடைசிப் படியை விட்டுப்போட்டுப் பற்பசையால் தேய்க்கச் சொல்லுற வீடியோக்களை நம்ப வேண்டாம்.

கழுவுறதில் இன்னொரு கொலை இருக்கு: உயரழுத்தத் தண்ணீர். விளக்குப் பெட்டியில் ஐபி67 எண்டு போட்டிருந்தால், ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாழ்த்தினாலும் உள்ளே போகாது எண்டு பொருள். கேட்க உறுதியாக இருக்கு. ஆனால் அது பிரஷர் வொஷரின் கூரான தாரைக்கு ஒரு உத்தரவாதமும் தரேல்லை. அதுக்கு வேற குறியீடு, ஐபி69கே: 80 பாகை சூட்டுத் தண்ணீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்து அடிச்சுச் சோதிக்கிறது. வேலை விளக்கு வாங்கும்போது இந்தக் குறியீட்டைத் தேடுங்கோ. உங்கட பொனட் விளக்குக்கு என்ன தரம் எண்டு தெரியாவிட்டால், தாரையை லென்ஸின் ஓரத்துக்கும் பின்பக்கக் காற்றோட்ட மூடிக்கும் காட்ட வேண்டாம். காற்றோட்டம் எண்டதும் ஞாபகம் வருது: குளிர் காலையில் லென்ஸுக்குள் மெல்லிய பனிமூட்டம் வந்து, விளக்குப் போட்ட பிறகு போனால் அது சாதாரணம். அதைக் கண்டு பயந்து சின்னத் துளைகளைச் சிலிக்கனால் அடைக்கிற ஆட்கள் இருக்கினம். ஈரம் வெளியே போற ஒரே வாசல் அது. அடைச்சால் உள்ளே குளம்.

மின்சாரப் பக்கத்தைச் சுருக்கமாச் சொல்லுறன். ஹலஜன் பல்ப்பை அடிக்கடி மாற்றுறீங்கள் எண்டால் பல்ப்பைத் திட்ட முதல் ஒரு மீற்றரை எடுத்துப் பற்றரியில் வையுங்கோ. இழை விளக்குக்கு மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். ஆல்ட்டனேற்றரின் ரெகுலேற்றர் கொஞ்சம் கூடத் தந்தாலே பல்ப் வரிசையாகச் சாகும், மிச்சத்தை அதிர்வு பார்த்துக்கொள்ளும். மங்கலாக எரிஞ்சால் பெரும்பாலும் குற்றவாளி துரு ஏறின பூமி இணைப்பு; அதைச் சுரண்டித் துப்புரவாக்கி, பிளக்குக்குள் மின்காப்புக் கிறீஸ் கொஞ்சம் வைச்சால் விசயம் முடியும். ஹலஜன் கண்ணாடியை விரலால் தொடாதீங்கோ, தொட்டால் மதுசாரத்தால் துடையுங்கோ. ட்ராக்டரில் வெல்டிங் செய்ய முதல் பற்றரியைக் கழற்றுங்கோ, எல்.ஈ.டி விளக்குக்குள்ளும் ஒரு மின்சுற்று இருக்கு எண்டதை மறந்துபோகினம். குளிர்காலத்தில் கொட்டிலுக்குள் நிற்பாட்டி வைச்சால் எலி வயர் கடிக்கும். அதுக்கு மிளகாய்க் காரம் ஏத்தின டேப் ஒன்றை ஹொண்டா விற்கிறது. எங்கட அம்மாமாருக்கு இந்தத் தொழில்நுட்பம் நூறு வருசமாகத் தெரியும் எண்டு நான் எபிசோடில் சொன்னால் வெட்டிப்போடுவினம், அதனால் இங்கே எழுதுறன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாச் சொல்லவேணும். ஹலஜனுக்கு எண்டு செய்த பிரதிபலிப்பானுக்குள் இணையத்தில் வாங்கின மலிவு எல்.ஈ.டி பல்ப்பைச் செருகாதீங்கோ. வெளிச்சம் கூடின மாதிரித் தெரியும். ஆனால் இழை இருந்த இடமும் வடிவமும் வேற, எல்.ஈ.டி சில்லுகள் இருக்கிற இடமும் வடிவமும் வேற. பிரதிபலிப்பான் அந்த ஒரு புள்ளிக்கு எண்டு கணக்குப் போட்டது. புள்ளி மாறினால் ஒளிக்கற்றை சிதறி எதிரே வாறவரின் கண்ணுக்குப் போகும், உங்கட ரோட்டுக்கு வராது. கூடவே சில மலிவுச் சாமான்கள் வானொலியைக் கரகரக்க வைக்கும். பனிநாடுகளுக்கு இன்னொரு விசயம்: ஹலஜன் தன் சூட்டால் லென்ஸில் ஒட்டின பனியைக் கரைக்கும். எல்.ஈ.டி சூட்டைப் பின்பக்கம் தள்ளும், முன் லென்ஸ் குளிராகவே கிடக்கும், பனி அப்படியே அப்பிப் போயிருக்கும். நல்ல எல்.ஈ.டி விளக்குக்கு நான் எதிரி இல்லை. முழு விளக்காக, ஒளியியலோடு சேர்த்துச் செய்ததை வாங்குங்கோ.

இவ்வளவும் செய்யுங்கோ. செய்தாலும் ஒரு நாள் உடையும். அதுக்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன பிளாஸ்டிக் பூட்டு.

அந்தத் தங்கச்சியின் பண்ணையில் உடைஞ்சது என்ன? முன் லென்ஸ் மட்டும். உள்ளே எல்.ஈ.டி எரியுது, மின்சுற்று நல்லா இருக்கு, வெப்பத் தகடு நல்லா இருக்கு. ஆனால் லென்ஸ் தனியாக விற்பனைக்கு இல்லை. முழு அசெம்பிளி வாங்கவேணும். பெரிய ட்ராக்டர் எல்.ஈ.டி அசெம்பிளி ஒன்றின் விலை நாலு இலக்கத்துக்கும் போகும். முந்தி லென்ஸைக் கிளிப்பும் ரப்பர் வளையமும் போட்டுப் பிடிச்சிருந்தினம், கழற்றலாம். பிறகு பியூட்டைல் பசை வந்தது, சூடு காட்டினால் இளகும், பொறுமை இருந்தால் திறக்கலாம். இப்ப பல விளக்குகளில் இறுகினால் இளகாத பொலியூரேதேன் பசை. தண்ணீர் போகாமல் இருக்கத்தான் அப்படி எண்டு சொல்லுவினம், அதில் உண்மையும் இருக்கு. ஆனால் தண்ணீர் போகாத கழற்றக்கூடிய மூடி செய்யத் தெரியாத துறை இல்லை இது. ஆழ்கடல் கமராவுக்குச் செய்கினம்.

சரி, அதே வடிவத்தில் வேற கொம்பனி ஒன்று லென்ஸ் செய்து விற்றால் என்ன? இங்கேதான் சட்டம் வருது. அமெரிக்காவில் 2019 யூலையில் ஒரு தீர்ப்பு. கார் உடல் பாகம் செய்கிறவர்களின் சங்கம் ஒன்றுக்கும் ஃபோர்டுக்கும் வழக்கு. விசயம் எஃப்-150 பிக்கப்பின் பொனட்டும் ஹெட்லைட்டும். ஹெட்லைட்டின் வடிவம் வாகனத்தோட பொருந்தவேண்டிய ஒன்று, ஆகவே அது அலங்காரம் இல்லை, தேவை எண்டு சங்கம் வாதாடினது. கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒத்துக்கொள்ளேல்லை. வடிவக் காப்புரிமை செல்லும் எண்டு முடிஞ்சது. அங்கே அந்த உரிமை 15 வருசம் நிற்கும். ஒரு ட்ராக்டர் இருபது முப்பது வருசம் ஓடும். அதன் நல்ல பாதி ஆயுளுக்கு, அந்த முகத்தைச் செய்து விற்க ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி இருக்கலாம் எண்டு கணக்கு. அதுவே 4½ அங்குல வட்டம் எண்டால் ஆரும் சொந்தம் கொண்டாட ஏலாது. விளக்கு வடிவா இருக்கிறதுக்கு இப்ப ஒரு வியாபாரக் காரணமும் தெரியுதோ?

மற்ற இடங்களில் இருக்கிற வாசகர்களுக்கு: அவுஸ்திரேலியாவின் 2003 வடிவச் சட்டத்தில், பழுதைத் திருத்திப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவரப் பாகத்தைப் பாவிக்கலாம் எண்டு விலக்கு இருக்கு. பிரித்தானியாவிலும் அதே மாதிரி. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தின வடிவச் சட்டத்தில் திருத்தல் விலக்கு ஒன்றைச் சேர்த்தது, சில நாடுகளில் பழைய பதிவுகளுக்கு இடைக்காலம் உண்டு. ஆகவே பாரிஸில், ஒஸ்லோவில், சிட்னியில், லண்டனில் இருக்கிறவை ஒரே செய்தியைக் கேட்டாலும் நிலைமை ஒன்றில்லை. ஒஸ்லோ ஒன்றியத்துக்குள் இல்லை எண்டு எழுதி அனுப்ப வேண்டாம், எனக்குத் தெரியும், அங்கேயும் இந்த விவாதம் போய்ச் சேரும்.

கனடாவில் 2024 நவம்பரில் இரண்டு சட்டமூலங்கள், சி-244உம் சி-294உம், நிறைவேறின. நாங்கள் எபிசோடில் கைதட்டினோம். நல்ல விசயம்தான். திருத்துறதுக்காக டிஜிட்டல் பூட்டைத் திறக்கலாம். ஆனால் இரண்டும் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினவை. லென்ஸின் வளைவுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ 2023இல் விவசாய இயந்திரங்களுக்கு எண்டே திருத்தும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 2025 தொடக்கத்தில் மத்திய வர்த்தக ஆணையம் ஜோன் டியரைத் திருத்த வேலைக் கட்டுப்பாடுகள் பற்றி நீதிமன்றத்துக்கு இழுத்தது. அந்த வழக்கின் நடுவிலும் இருக்கிறது மென்பொருள்தான். எங்களை மாதிரிக் கணினி படிச்ச ஆட்கள் இந்த விவாதத்தை எழுதுறதால் எல்லாப் பூட்டும் எங்களுக்குக் கோட் மாதிரித் தெரியுது எண்டு நினைக்கிறன்.

கொம்பனிகள் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. எல்.ஈ.டி ஹெட்லைட்டுக்கு வெப்பத் தகடு, ஒளியியல், மின்சுற்று எல்லாம் ஒன்றுக்கொன்று ஒட்டிச் செய்யவேணும், பழைய வட்டத்துக்குள் அது அடங்காது எண்டு சொல்லுவினம். அப்படியெண்டால் 7 அங்குல வட்டத்துக்குள் பூட்டுற எல்.ஈ.டி விளக்குகள் ஜீப் ரங்ளருக்கும் பழைய லாண்ட் ரோவர் டிஃபென்டருக்கும் எப்படி வருது? மலிவுப் பிரதிகளில் கடின பூச்சு மோசம், ஒளிக்கற்றை மோசம் எண்டும் சொல்லுவினம். அது பல நேரம் உண்மை. மலிவு லென்ஸ் இரண்டு வெயில் காலத்தில் மோர் நிறத்துக்கு வரும். அதுக்கு மருந்து, ஒரிஜினல் லென்ஸை நீங்களே தனியாக விற்கிறது. பிரதிக்காரனிடம் போக வைக்கிறதும் நீங்கள், பிரதி கூடாது எண்டு சொல்லுறதும் நீங்கள்.

எனக்கு ட்ராக்டர் வடிவா இருக்கக்கூடாது எண்ட எண்ணம் இல்லை. பொனட்டை என்ன வடிவத்திலும் செய்யுங்கோ. அதுக்குள் விளக்கு பூட்டுற ஓட்டையை ஒரு பொது அளவில் விடுங்கோ, அல்லது லென்ஸைக் கழற்றக்கூடியதாகச் செய்து அதுக்கு ஒரு பாக இலக்கம் குடுங்கோ. யூ.எஸ்.பி-சி விசயத்தில் போனுக்கு இதையே கேட்டு ஐரோப்பா வென்றது. சார்ஜரைவிட ஹெட்லைட்டுக்கு அவசரம் குறைவு எண்டு நான் நினைக்கேல்லை.

பண்ணை வைச்சிருக்கிற, வேலை செய்கிற, அல்லது பண்ணைக்காரருக்குக் கணக்குப் பார்க்கிற ஆட்கள் எங்கட வாசகர்களில் நான் நினைச்சதைவிடக் கூட எண்டு இந்த மின்னஞ்சல்களில் இருந்து தெரியுது. ட்ராக்டர் ஒன்று பார்க்கப் போனால் குதிரைவலுவைக் கேட்கிற அதே மூச்சில் கேளுங்கோ: இடது ஹெட்லைட்டின் விலை என்ன, லென்ஸ் மட்டும் கிடைக்குமோ, கிடைக்க எத்தனை நாள். டீலர் பாகப் புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும். செப்டம்பரில் ஒன்ராறியோ வூட்ஸ்ரொக்கில் நடக்கிற விவசாயக் கண்காட்சிக்கு நாங்கள் மைக்கோட போகப் போறம். ஒவ்வொரு கூடாரத்திலும் இந்த மூன்று கேள்வியைத்தான் கேட்கப் போறன். உங்களிடம் ஏற்கெனவே பில் இருந்தால், பேரையும் முகவரியையும் மறைச்சுப்போட்டு, மாடலும் விலையும் தெரிய எங்களுக்குப் படம் எடுத்து அனுப்புங்கோ. உடைஞ்ச லென்ஸின் படமும் இருந்தால் இன்னும் நல்லம்.